ஒருவர்கூட ஏமாறவில்லை

மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டேகால் ஆகியும் "வருகிறேன்" என்று ஒருவரும் அழுத்தியிருக்கவில்லை.

தகவல் பாதுகாப்பு அதிகாரி மறுபடியும் திரையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேருக்கு மெயில் போயிருந்தது. வந்த பதில் பூஜ்யம்.

இதே பூஜ்யம்தான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன், யாரோ ஒருவர் பரிசு விழுந்ததாக வந்த மெயிலைத் திறக்கப்போய், அலுவலகக் கணினிகள் நாலு நாள் முடங்கின. அதன்பிறகுதான் அவளைத் தற்காலிகமாக நியமித்தார்கள். மாதம் ஒருமுறை, திருடன் அனுப்புவது போல அவளே ஒரு பொய் மெயில் அனுப்புவாள். அதிலுள்ள லிங்க்கை அழுத்துகிறவர்களுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பு. முதல் மாதம் முப்பத்தொரு பேர் விழுந்தார்கள். பிறகு பத்து, மூன்று, ஒன்று. நாலு வருஷமாக ஒருவர்கூட இல்லை.

கூட வேலை செய்கிறவர்களை மாதாமாதம் ஏமாற்றப் பார்ப்பது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. அந்தக் காலைகளில் மேஜை மேஜையாகப் போய்ச் சிரித்தபடி நலம் விசாரித்து மனசைத் தேற்றிக்கொள்வாள். மற்ற நாட்களில் தலைநிமிர நேரமிருக்காது.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருகிறார். ஐந்து வருஷக் கதையைக் கேட்டு, ஊழியர்களையும் நேரில் பார்த்துவிட்டு, அவள் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்திடுவார். காலையிலிருந்து சந்தோஷம் தாங்காமல் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது சோதனை அல்ல, உண்மையான கூட்டம்" என்று இன்னொரு மெயில் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான், போன வருஷத்துப் பொய் மெயில் ஒன்றும் இதே வாக்கியத்தில் தொடங்கியது நினைவுக்கு வந்தது.

கணக்காளரை இன்டர்காமில் கூப்பிட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"குரல் அப்படியே எங்க மேடம் குரல்தான். நல்லா உழைச்சிருக்கீங்க தம்பி," என்று வைத்துவிட்டார்.

திருடர்கள் குரலைக்கூடப் போலி செய்வார்கள் என்று மூன்று மணி நேரம் வகுப்பெடுத்தவள் அவள்தான்.

நேரிலேயே போனாள். பதற்றம் தெரிந்தால் நம்பமாட்டார்கள் என்று, வாய் வலிக்கச் சிரித்தபடி கிடங்கு அறையைத் தட்டினாள். கிடங்குப் பொறுப்பாளர் கதவை அரை அடி திறந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க. ஆனா எங்கேயும் வரச் சொல்லாதீங்க."

"நேர்ல வந்து கூப்பிடறேனே அண்ணே. என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சவங்க மாதிரிதான் வருவாங்கன்னு சுவத்துல ஒட்டினதே நீங்கதானேம்மா. இந்த வயசுல இன்னொரு வகுப்புல உட்கார என் முதுகு தாங்காது."

இன்னும் எட்டு மேஜைக்குப் போனாள். எட்டுப் பேரும் கணினியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவளை யாரும் வெறுக்கவில்லை, நம்பவும் இல்லை. ஐந்து வருஷமாகத் தான் வளர்த்தது இதைத்தானா என்று ஒரு கணம் தோன்றியது. நின்று யோசிக்க நேரமில்லை.

மூன்று மணிக்கு இயக்குநர் கூட்ட அறைக்குள் வந்தார். நாற்பத்திரண்டு காலி நாற்காலிகளையும் ஒரு சுற்று பார்த்தார்.

"மெயில் அனுப்பினேன் சார்..."

"யாரும் அழுத்தலையா?"

"ஒருத்தர்கூட இல்ல சார்."

அவர் முகம் மலர்ந்தது. அதிகாரியே கூப்பிட்டும் அசையாத ஊழியர்களை எந்தக் கிளையிலும் அவர் பார்த்ததில்லையாம். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். இந்தப் பயிற்சியை எல்லாக் கிளைகளிலும் நடத்தும் பொறுப்பும் இனி அவளுக்கே என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. வரவேற்பு மேஜைப் பெண் அவளைக் கண்டதும் கீபோர்டிலிருந்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா பயப்படறே? நல்ல சேதிதான். எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு."

"பயமெல்லாம் இல்ல மேடம். நீங்க சிரிக்கிற அன்னிக்குத்தானே சோதனை மெயில் வரும். அன்னிக்கு மட்டும் யாரும் எதையும் தொட மாட்டோம், மத்த நாள்ல வர்றதையெல்லாம் திறந்துதான் பார்க்கறோம்."