அத்திம்பேரின் ஜெர்மன் லென்ஸ்

ஃபிலிம் போடக்கூடத் தெரியாத ஒருவன் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? அறுபதுகளில் மாதுங்காவில் அப்படி நடந்த பிரகஸ்பதி நான்தான். நல்லவேளை, யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

பி.காம். முடித்துவிட்டு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். அத்திம்பேர் தன் ஆபீசில் எனக்காக ஒரு வார்த்தை சொல்வதாக இருந்தார். சொன்னால் பம்பாய், சொல்லாவிட்டால் பாலக்காட்டுக்கு ரயில். (அங்கே அப்பாவின் உபதேசம் வேறு காத்துக்கொண்டிருந்தது.) அத்திம்பேருக்கு அக்காவுக்கு அடுத்தபடி உயிர், காமிரா. அக்காவைக் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்வாள். "ஜெர்மன் லென்ஸ்டா. படத்துல பனிமூட்டம் மாதிரி ஒண்ணு தெரியறதே, அது அவாளுக்குத்தான் வரும்" என்பார்.

அவர் பூனாவுக்கு டூர் போன அன்று அதை மாட்டிக்கொண்டு உலாத்தினேன். ஸ்டேஷன் பாலத்தில் தோல்வாரின் கொக்கி கழன்றது. காமிரா ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. ஓடிப்போய் எடுத்தேன். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, லென்ஸின் நடுவே மட்டும் விரிசல்.

ஃபோர்ட்டில் ஒரு பெரிய கடைக்காரர், ரிப்பேர் செய்து பிரயோஜனமில்லை, புது லென்ஸ்தான் போடவேண்டும், அது ஜெர்மனியிலிருந்து வர ஒரு வருஷம் ஆகும் என்றார். அத்திம்பேர் வருவதோ மறுநாள் சாயங்காலம். (ஒரு வருஷம் பூனாவிலேயே இருங்கள் என்று தந்தியா கொடுக்க முடியும்?)

கடைசியில், குர்லாவில் மேலப்பாளையத்து பாய் ஒருவர் காமிரா ரிப்பேர் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். பாய் லென்ஸைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"தம்பி, இந்த வளையத்துல ஊசியால கீறியிருக்கு பாருங்க, இது என் அடையாளம். போன வருஷம் மாதுங்காக்காரர் ஒருத்தர் இதக் கீழ போட்டுட்டு அழாத குறையா வந்தாரு. ஜெர்மன் கண்ணாடி அன்னைக்கே போச்சு. இது நான் வெட்டி மாட்டின மூக்குக் கண்ணாடிச் சில்லு."

ஆக, பனிமூட்டம் ஜெர்மனி சரக்கில்லை, குர்லா சரக்கு.

"அதே மாதிரி போடவா? இல்ல, பழைய காமிராவுல கழட்டுன அசல் லென்ஸ் ஒண்ணு கெடக்கு, அதப் போடவா?"

பேசாமல் அதே மாதிரி போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். என் புத்தி புல் மேயப் போயிருந்தது. "அசலையே போடுங்கோ பாய்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்து என்னை அமுக்கச் சொன்னார். பால்கனியில் அவரும் அக்காவும் நின்றார்கள். பிரிண்ட் வந்தது. பனிமூட்டத்தைக் காணோம். வழுக்கையை மறைக்க அத்திம்பேர் இடமிருந்து வலமாகப் படிய வாரியிருந்த பதினோரு முடிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அக்கா இரண்டு தரம் எண்ணிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அத்திம்பேர் படத்தைப் பார்த்தார். காமிராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீ என்ன பண்ணினே என்று அவர் கேட்டால், நீங்க என்ன பண்ணினேள் என்று நான் கேட்க வேண்டிவரும். அக்கா வேறு பக்கத்திலேயே நிற்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலம்பற ரெடியா இரு. மானேஜர்ட்ட அழைச்சுண்டு போறேன்."

வேலை கிடைத்தது. அடுத்த மாதப் படங்களில் பனிமூட்டமும் திரும்பி வந்துவிட்டது. நான் மூச்சு விடவில்லை.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தில்தான் வாய் பொறுக்காமல் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது தன் போட்டோவைப் பார்த்து முகம் சுளித்தால் போதும், "குர்லாவுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்" என்று முதல் ஆளாகச் சொல்வது அத்திம்பேர்தான். அந்தப் பதினொன்றில் இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை, மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார்.