ரீல்ஸ் சாரும் ரோட்டில் காய்ந்த நெல்லும்

உலகத்தின் எந்த மூலையில் எந்த வாத்தியார் புதிதாக எதைச் செய்தாலும், மறுநாள் காலை அது பூதலூர் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தே தீரும். காரணம், நாங்கள் 'ரீல்ஸ் சார்' என்று கூப்பிடும் கணக்கு வாத்தியார். அவர் இல்லாத ஃபேஸ்புக் ஆசிரியர் குரூப் இந்தப் பூமியில் கிடையாது. வண்டியை நிறுத்தும்போதே, "டீச்சர், பிரேசில்ல ஒரு மேடம் என்ன பண்ணிருக்காங்க தெரியுமா?" என்பார். தமிழ் டீச்சரான நான் அப்போதே என் வகுப்பைப் பார்த்து நடையைக் கட்டுவேன்.

ஒருநாள் அவர் வகுப்பு வாசலில் ஒரு சார்ட் தொங்கியது. கைகுலுக்கல், சல்யூட், நடனம் என்று படங்கள். பிள்ளைகள் எதைத் தொடுகிறார்களோ, சார் அப்படியே வரவேற்பார். அந்த நேரம் பார்த்து ஹெச்.எம். மேடம் வந்தார்.

"தொட்டாதான் உள்ள விடுவோம் மேடம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கண்ணாடியை மறந்துவிட்டு வந்த மேடம், கைக்கு எட்டியதைத் தொட்டார். நடனம். சார் சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்புறம் ஆடியே விட்டார். மேடம் முறைத்தார். ஆனால் அவர் கால் லேசாகத் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

அடுத்தது, ஒருநாள் மட்டும் பெஞ்சில்லா வகுப்பு. சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? மொத்த வகுப்பும் குறட்டை. சார் அதையும் போட்டோ எடுத்து, 'தியானப் பயிற்சி' என்று குரூப்பில் போட்டார். லைக் குவிந்தது.

தை மாதம் பத்தாம் வகுப்பு கார்த்திகா பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தால், அவர்கள் வீட்டு நெல்லை ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். அவளும் அம்மாவும் ரோட்டில் கொட்டிக் காய வைக்கிறார்கள். வேறு ஆள் இல்லை. இன்னொரு முறை நனைந்தால் அந்த வருஷத்துப் பாடே வீண்.

ரீல்ஸ் சார் துள்ளி எழுந்தார். "யாரோ ஒருத்தர் மணல் குவியலை வச்சு கூம்போட கன அளவு பாடம் நடத்துனாரு டீச்சர். நம்மகிட்டதான் நெல்லே இருக்கே!"

மொத்த வகுப்பும் ரோட்டுக்குப் போனது. துணைக்கு நானும். போனை ஒரு குச்சியில் கட்டி வாய்க்கால் கரையில் நட்டு, ஆசிரியர் குரூப்புக்கு லைவ் போட்டார். பிள்ளைகள் நெல்லைக் கூம்பாகக் குவித்தார்கள். கார்த்திகா கயிறு பிடித்துச் சுற்றளவு எடுத்தாள்.

"சார், பாடம் நடத்துங்க, நெல்லை மட்டும் மிதிச்சுடாதீங்க," என்றார் அவள் அம்மா.

ஆரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வானம் கறுத்து, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"படுதாவை இழுங்கடா!" என்று அலறினார் சார். ரோட்டோரம் மடித்துக் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் பிள்ளைகள் நெல்லை மூடினார்கள். காற்று படுதாவைத் தூக்கியது. சார் யோசிக்கவே இல்லை. கையைக் காலை விரித்து அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். குச்சி சாய்ந்து போன் வாய்க்காலில் விழுந்ததை நான் பார்த்தேன். அவரும்தான் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

மழை விட்டது. உள்ளே நெல் காய்ந்தபடியே இருந்தது. போன்தான் செத்துப்போயிருந்தது.

"கொடுங்க சார்," என்றார் கார்த்திகாவின் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நெல்லுக்குள்ள புதைச்சு வைக்கிறேன், ஈரத்தை இழுத்துடும்."

"வேணாம்மா," என்று பதறினார் சார். "ஈரப்பதம் ஏறிடும். மறுபடியும் திருப்பிடப் போறாங்க!"

நெல் விலைபோனது. திங்கட்கிழமை கார்த்திகா முதல் பெஞ்சில் இருந்தாள். புதுப் போன் வாங்கும்வரை ரீல்ஸ் சார் காலையில் வண்டியைப் பேசாமல் நிறுத்திவிட்டுப் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை நாளும் எனக்குப் பள்ளிக்கூடம் போகவே பிடிக்கவில்லை.