வரைபடத்தில் நீ வைத்த பானை

சிரஞ்சீவி பிரதீப்புக்கு,

கோவிந்தாபுரத்திலிருந்து உன் சித்தப்பன் செங்கோட்டையன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி மருதாத்தாள், தங்கை செல்வப்பிரியா, இரண்டு எருமைகள் எல்லோரும் சௌக்கியம். கொச்சியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குடும்ப மானத்தை வாங்கும் உன் திருப்பணியும் குறைவின்றி நடக்கும் என்று நம்புகிறேன். போனில் திட்டினால் துண்டித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் வந்தபோது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த வரைபடத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்தாய். "நம்மூருக்குன்னே பட்டனெல்லாம் நானே செஞ்சிருக்கறனுங்க சித்தப்பா. படத்தத் தொட்டா போதும், எந்த எடம் என்னன்னு அதுவே எழுதிக்கும்" என்றாய். பெரிய சாதனைதான். களத்துக்கு ஒரு படம், மாந்தோப்புக்கு ஒரு படம், எருமைத் தொழுவத்துக்குக்கூடக் கொம்போடு ஒரு படம். நானும் மெச்சி, வெயிலுக்கு வருஷாவருஷம் நம் வாசலில் வைக்கிற தண்ணீர்ப் பந்தலை அதில் ஏற்ற உட்கார்ந்தேன். பந்தல் என்றால் பானை. பானைப் படம் இருந்தது, தொட்டேன். அறிவுள்ளவன் எவனும் அதைத்தான் தொடுவான்.

மறுநாள் காலை ஆனைமலைப் பக்கமிருந்து மூன்று பைக்கில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். சித்தி நீர்மோரைச் சொம்பில் நீட்டினாள். குடித்துப் பார்த்த ஒருவன், "ஏனுங்கக்கா, இது இன்னிக்கு எறக்குனதுங்களா? ஏறவே மாட்டேங்குதே" என்கிறான். அப்புறம்தான் தெரிந்தது, உன் கணக்கில் பானை என்றால் கள்ளுக்கடை. தண்ணீருக்கு நீ போட்ட படம் குழாய். ஏனப்பா, நம் ஊர்க் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, அதைப் போய் அடையாளமாக வைக்க? தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் எல்லை தாண்டி நம் கேரளப் பக்கம் குடிக்க வருகிறவர்கள் இப்போது நேராக நம் வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள், "கப்பக்கெழங்கும் மீனும் போட்டீங்கன்னா யாவாரம் பிச்சுக்கும்" என்று யோசனை வேறு சொல்லிவிட்டுப் போகிறாள். எனக்கு அதை அழிக்கத் தெரியவில்லை. செல்வப்பிரியாவைக் கேட்டால், "அண்ணனுக்குத்தாம்ப்பா தெரியும்" என்கிறாள்.

அதையெல்லாம் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை செல்வப்பிரியாவைப் பெண் பார்க்க உடுமலையிலிருந்து கிளம்பி வந்தார்கள். ஆறு மாதம் தரகர் பூபதிராஜா அலைந்து பிடித்த இடம். வழிக்கு இந்த வரைபடத்தையே பார்த்திருக்கிறார்கள். செக்போஸ்ட் தாண்டியதும் நம் வீட்டின் மேல் பானையைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "கள்ளுக்கடக்காரன் ஊட்லயா பொண்ணெடுக்கறது? வண்டியத் திருப்புங்க" என்றாளாம். இருபது பேருக்குச் செய்த கேசரியை நானும் எருமைகளும் இரண்டு நாள் தின்றோம். என் ஒரே மகளின் கல்யாணம் உன் பானையில் முழுகிப் போயிற்று, பிரதீப். கடிதம் கண்டவுடன் அந்தப் பானையை அழித்து, உடுமலைக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அவர்களைக் கையோடு அழைத்து வா. இல்லையென்றால் என் முகத்தில் விழிக்காதே.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. சகல பாக்கியமும் பெற்று நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்,
செங்கோட்டையன்

பி.கு.: கவரில் விலாசம் எழுதச் செல்வப்பிரியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அண்ணனத் திட்டாதீங்கப்பா. படத்துக்கு அடியிலயே கள்ளுக்கடைன்னு எழுதியிருக்குது. நீங்க தொட்ட அன்னிக்கே பாத்துட்டேன். மாத்த ஒரு நிமிசங்கூட ஆகாது. நாந்தான் உட்டுட்டேன்" என்றாள். ஏன் என்றேன். "கல்யாணமானா கிருஷிபவன் விவசாய ஆபீஸ் வேலைய உட்டுரோணும்னு உடுமலக்காரங்க சொன்னப்பவே வேண்டாம்னேன். மூணு தடவ சொன்னனுங்கப்பா. நீங்க காதுலயே வாங்குல" என்றாள். நீ உடுமலைக்குப் போக வேண்டாம். அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து வேறொரு இடம் வருகிறதாம். முதலில் அந்தப் பையனிடம் அவளே போனில் பேசட்டும். அவள் சரி என்று சொல்லும்வரை பானை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.