கிகுந்து சார் அனுமதிக்கவில்லை

வாழைக்காய் மசித்த மடோக்கேயைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது கிகுந்துவின் போன் மறுபடியும் கேட்டது: ‘உங்கள் பாஸ்வேர்டை மாற்ற அனுமதிக்கிறீர்களா?’

புதன்கிழமையிலிருந்து இதே தொல்லை. ‘மறுக்கிறேன்’ என்பதை அமுக்கினார். கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் அது திரும்பவும் கேட்டது.

மசாக்கா ஊர்ப் பள்ளி ஒன்றில் அவர் கணித வாத்தியார். ஏழாம் வகுப்புப் பரீட்சைக் கேள்வித்தாள் முழுவதும் அந்த போனுக்குள்தான் இருந்தது. அது வெளியே போனால் கூடவே அவர் வேலையும் போய்விடும்.

“யாரு அது, சாப்பிட விடாம?” என்றாள் மனைவி நம்பூசி.

“ஸ்கூல் விஷயம்” என்று மழுப்பினார். திருடன் என்றால் அவள் பயப்படுவாள். பயந்தால் தெருவுக்கே சொல்லிவிடுவாள்.

அன்று சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. போனதும் கம்ப்யூட்டர் வாத்தியார் ஒடேகேயைப் பிடித்தார்.

“பாஸ்வேர்டை மாத்தித் தொலைங்க சார். வேற எந்த போன்லயும் திறக்காதபடி எல்லாத்துலேருந்தும் வெளியேறிடுங்க.”

அப்படியே செய்தார். அவ்வப்போது கேட்டது இப்போது நிமிஷத்துக்கொரு தரம் கேட்க ஆரம்பித்தது. புது பாஸ்வேர்டை எவனாலும் கண்டுபிடிக்க முடியாதபடி நீளமாக வைத்ததில் அவருக்கே மறந்துபோனது. தானே மாற்றிக்கொள்ளப் பார்த்தார். அனுமதிக்கிறீர்களா என்றது போன். பழக்கதோஷத்தில் விரல் மறுத்துவிட்டது.

“திருடன்கூட உங்களை இப்படி வெளியே தள்ளியிருக்க மாட்டான் சார்” என்றார் ஒடேகே. போனைப் பிடுங்கி, ஒருவழியாக உள்ளே புகுந்து பார்த்தார். “உங்க பழைய போன்லேருந்துதான் கேக்கறாங்க. யாருக்காச்சும் குடுத்தீங்களா?”

“அலமாரில கிடந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் காணோம்.”

“அப்ப சந்தேகமே இல்ல. இங்கேருந்தே அதை அலற வைக்கலாம். திரையில ரெண்டு வரி எழுதியும் அனுப்பலாம். எழுதுறீங்களா?”

மாணவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாத மனிதர் கிகுந்து. நாலு நாள் கோபத்தையும் சேர்த்து எழுதினார்: ‘திருட்டு நாயே, நீ செத்தாலும் என் அனுமதி கிடைக்காது. இனி என் பக்கம் தலை காட்டாதே.’

அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. கேள்வித்தாள் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. அன்று மத்தியானம் அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். சாப்பிட்டதும் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் நம்பூசியின் தம்பி லுப்வாமா வாசலில் மோட்டார் பைக்கிலிருந்து இறங்கினான். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், கல்யாணத்தின்போது கிகுந்து தன் மாமியாருக்கு எடுத்துக்கொடுத்த கோமேசி என்ற விசேஷ உடை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

“என்ன மச்சான் இது? உள்ள வந்து உக்காரு.”

லுப்வாமா உட்காரவில்லை.

“நம்ம வழக்கப்படி மாமியார் மருமகன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதே, அத்தான், அதான் அக்கா குடுத்த உங்க பழைய போன் பாஸ்வேர்டு கேட்டதும், அம்மா பாவம், பட்டனை அமுக்கி அமுக்கி உங்க அனுமதியைக் கேட்டிருக்காங்க, நேத்து கல்யாண வீட்டுல அது அலறினப்ப, ‘மருமகன் பதில் போட்டுட்டார், எல்லாரும் கேக்கறாப்ல சத்தமா படி’ன்னு என்கிட்டதான் குடுத்தாங்க.”