எட்டாம் நம்பர் வீட்டுக் குசினி

சோறு வெந்துவிட்டது. அதை எங்கே கொட்டுவது என்பதுதான் பிரச்சினை.

குணாளனிடம் இருந்த ஒரே பாத்திரம் ரைஸ் குக்கரின் உள்பானை. அதைக் காலி செய்தால்தான் பருப்புப் போட முடியும். பருப்பு இறங்கினால்தான் கோழி ஏறும். கோழி வேகிறதற்குள், கேமரன்மலைக் குளிரில், சோறு கல்லாகிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு வீட்டு வரிசையான இந்த லைனின் கடைசி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இரண்டு வருடமாக அந்தக் குக்கரிலேயே காலத்தை ஓட்டிவிட்டான். அடுப்பு வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், "எஸ்டேட்டுல குடுக்கப் போறாங்களாம். அப்புறம் நாம எதுக்கு வாங்கணும்?" என்பான். அப்படி ஒரு பேச்சு போன தீபாவளியிலிருந்தே லைனில் உலவிக்கொண்டிருந்தது.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. அவனுக்கு நிச்சயம் செய்திருந்த மோகனா, கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடையில் வேலை பார்ப்பவள், போன மாதம் வந்து அவன் குசினியை எட்டிப் பார்த்தாள். வந்த வேகத்தில் திரும்பினாள்.

"அடுப்பு வரட்டும். அப்புறம் கல்யாணத் தேதி பாக்கலாம்."

குணாளன் அவளை உயிராக நேசித்தான். ஆகவே கடைப்பக்கம் போகாமல், எஸ்டேட் மேனேஜர் துரைக்கு அடுப்பு கேட்டு ஒரு மனு எழுதினான்.

நேற்று எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, பன்னெண்டு மணிக்குத் தொரையே லைனுக்கு வர்றாரு. வீட்டைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? லைனில் யாரும் செய்யாத காரியம் அது. தவிர, வயிறு நிறைந்தவர் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார் என்பதும் அவன் எண்ணம்.

குணாளன் ஏழாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினான். மணியம்மா வெளியே வந்தாள்.

"அக்கா, சோத்தைக் கொட்ட ஒரு சட்டி குடுங்க. தொரை சாப்பிட வர்றாரு."

"தொரையா? உன் வீட்டுலயா?" மணியம்மா சட்டியைக் கொடுத்தாள். "கோழிய எதுல ஆக்குவ?"

"குக்கர்லதான்."

"கோழிய குக்கர்ல அவிச்சு தொரைக்குப் போடுவியா? லைன் மானமே போயிடும்லா. இந்தா, அடுப்பையே தூக்கிட்டுப் போ. கேஸையும் சேத்து எடு."

அடுப்பு வந்தது. கோழி வதக்கக் குவாலிச் சட்டி இல்லை. ஆறாம் நம்பர் திலகம் தன் பெரிய இரும்புக் குவாலியைக் கொடுத்தாள். மசாலா அரைக்க மிக்சி இல்லை. ஐந்தாம் நம்பர் சிவசாமி தன் மிக்சியைத் தூக்கிக்கொண்டு தானே வந்தார்.

"அண்ணே, குக்கர்ல பருப்பு வேகுது. ரெண்டையும் ஒரே ப்ளக்குல போடலாமா?"

"தாராளமா போடு. நான் எத்தன வீட்டுக்கு வயர் இழுத்திருக்கேன்!"

போட்டான். 'டப்' என்றது. வீடு இருண்டது. பருப்பு பாதியில் நின்றது. சிவசாமி வயரை முறைத்துப் பார்த்துவிட்டு, இது பழைய வயர் என்றார்.

இனி எல்லாமே அடுப்பில்தான் ஆக வேண்டும். ஒரு அடுப்புப் போதவில்லை. திலகத்தின் அடுப்பும் வந்தது. அரைபடாத மசாலாவுக்காக நாலாம் நம்பரிலிருந்து அம்மியை இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். மூன்றாம் நம்பரிலிருந்து தட்டும் டம்ளரும் வந்தன. இரண்டாம் நம்பரும் ஒன்றாம் நம்பரும், நம்மை மட்டும் கேட்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு, ஆளுக்கொரு அடுப்பும் நான்கு சட்டிகளும் கொடுத்தனுப்பின. மானம் போகக் கூடாதென்று மீதி மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பதினொன்றரைக்கு மணியம்மா ஒரு பானையோடு வந்து நின்றாள்.

"அடுப்பை ஒனக்குக் குடுத்துட்டேன். எங்க ஊட்டுக்காரருக்கு நான் எதுல ஆக்கறது? ஒரு ஓரமா ஏத்திக்கிறேன்."

அவள் ஏற்றியதைப் பார்த்துத் திலகமும் ஏற்றினாள். மற்ற வீட்டுப் பானைகளும் வரிசையாக வந்தன. குணாளனின் குசினியில் ஏழு அடுப்பு எரிந்தது. எட்டு வீட்டுச் சமையல் கொதித்தது. தன் கோழியைத் தன்னாலேயே எட்ட முடியாமல் அவன் வாசலில் நின்றான்.

துரை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் நேரே இவனிடம் வரவில்லை. ஒன்றாம் நம்பரில் நுழைந்தார். வெளியே வந்து ஹரோல்டிடம் ஏதோ சொன்னார். ஹரோல்ட் எழுதினார். பிறகு இரண்டாம் நம்பருக்குள் போனார்.

"அக்கா, தொரை ஒவ்வொரு வீடா நுழையறாரு."

"நல்லதாப் போச்சு. ரசம் இன்னும் கொதிக்கல."

ரசம் கொதித்தது. கோழி இறங்கியது. துரை ஏழு வீடுகளையும் முடித்துக்கொண்டு எட்டாம் நம்பருக்கு வந்தார். ஈப்போவிலிருந்து வந்த இளவயதுக்காரர். குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் உங்க ஒருத்தர் வீட்டுலயா?"

"ஆமாங்க தொரை," என்றான் குணாளன். ஊரெல்லாம் இரவல் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ள அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "பசியாறிட்டுத்தான் போகணும்."

துரை சாப்பிட்டார். இரண்டாவது முறை கோழி கேட்டு வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தார். போகும்போது குணாளனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்வளவு வசதியா ஒரு குசினிய இந்த எஸ்டேட்டுல நான் பாத்ததே இல்ல, மிஸ்டர் குணாளன்."

குணாளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரவல் சாமான்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே மோகனாவைக் கூப்பிட்டான்.

"தேதி பாக்கச் சொல்லு. தொரை கையக் குடுத்துட்டாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை லோரி வந்தது. அடுப்பு, கேஸ், குவாலி, சட்டிபானை என்று ஒவ்வொரு பெட்டியும் ஒரு முழுக் குசினி. குணாளன் தலைசீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

ஒன்றாம் நம்பரில் ஒரு பெட்டி இறங்கியது. இரண்டில் ஒன்று. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழாம் நம்பரில் இறக்கிவிட்டு, லோரி பின்பக்கமாகத் திரும்பி வந்த வழியே போய்விட்டது.

குணாளன் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணியம்மா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி! அன்னிக்கு நீ மட்டும் எல்லார் சாமானையும் தூக்கிட்டுப் போகலன்னா, வெறுங் குசினியப் பாத்துத் தொரைக்கு எங்க மேல எரக்கம் வந்திருக்குமா?"