காற்றை எடை போட்டவர்

எங்கள் வீட்டுக்காரர் அடுத்தடுத்து இரண்டு சபதம் செய்தார். முதலாவது, மாப்பிள்ளை வந்து மன்னிப்புக் கேட்கிறவரை மகள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இரண்டாவது, தன் கார் மேல் எந்த மெக்கானிக் கையையும் படவிடுவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். புகை.

அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். தெருமுனை திரும்பியதுமே எங்கள் கார் கறுப்பாகப் புகை விட்டது. மாப்பிள்ளை பாங்கில் வேலை பார்க்கிறவர். விளையாட்டுப் பேச்சு ஜாஸ்தி, மனதில் ஒன்றும் கிடையாது. வாசலில் நின்று வரவேற்றார்.

"வாங்க மாமா! உங்களுக்கு முன்னாடி உங்க புகை வந்து காலிங் பெல் அடிச்சிடுச்சு!"

வீடே சிரித்தது. இவர் மட்டும் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினார்.

"என் வண்டியைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி."

"நீங்க எங்கங்க புகை விடறீங்க?" என்றேன் சமாதானமாக.

"இப்ப விடறேன் பாரு!" என்று வண்டியைக் கிளப்பினார். சொன்னபடியே விட்டார்.

அதோடு போக்குவரத்து நின்றது. அங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு அடி நடக்கிறாளாம், ஐந்தாவது அடியில் பொத்தென்று உட்காருகிறாளாம். எனக்குப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை.

"நீ வேணா பஸ்ஸில போயிட்டு வா. நான் தடுக்கலை" என்பார்.

போகலாம்தான். ஆனால் நான் தனியாகப் போய் இறங்கினால், சண்டை நிஜம் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதோடு இன்னொன்று. பேத்தி போனில் மழலை பேசும்போது இவர் டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ஊமைப் படத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு காதும் என் போனில்தான் இருக்கும். வாய் மட்டும், "வண்டி சரியில்லாம எங்கேயும் நகர முடியாது" என்று சொல்லும்.

நானும் தினமும் காலையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேன். "கடவுளே, இவர் மனசை மாத்து. அது ரொம்பக் கஷ்டம்னா, வண்டியையாவது சரி பண்ணிக் கொடு."

வண்டியோ நாளுக்கு நாள் மோசம். சிக்னலில் நின்றால் இன்ஜினும் நின்றது. மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. மெக்கானிக்கிடம் போனால் மாப்பிள்ளை சொன்னது நிஜமாகிவிடும் என்று, இவரே வீடியோ பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்தார். பிளக்கை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். பெட்ரோல் பங்க்கையே மாற்றினார். ஸ்டீரிங்குக்கு எதிரே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தது. அதன்மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டினார்.

"பார், இப்ப எரியலை."

"ஆமாங்க. பூரண குணம்" என்றேன்.

மகளிடம் போனில் சொல்லி அழாத குறை. அவள் கார் சாமான் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறாள். நாள் முழுக்க இந்தப் பேச்சுதான் அவள் காதில்.

"அம்மா, இதுக்கு முன்னாடி அப்பா வண்டியில ஏதாவது கை வெச்சாரா?"

"காத்து வடிகட்டுமே ஒரு ஃபில்டர், அதைக் கழட்டி சோப்புப் போட்டுத் துவைச்சாரு. காய வெச்சு, தூசி நல்லா ஒட்டட்டும்னு மெஷின் எண்ணெய் தடவினாரு."

"எவ்வளவு?"

"குழந்தைக்குத் தலைக்குத் தேய்க்கிற அளவு."

அவள் தலையில் அடித்துக்கொண்டது எனக்கு இங்கே கேட்டது.

"போச்சு! அந்த ஃபில்டரைத் தாண்டினா ஏர்ஃப்ளோ சென்சார்னு ஒண்ணு இருக்கும்மா. உள்ளே எவ்வளவு காத்து போகுதுன்னு அளந்து சொல்றது. அதுக்குள்ள முடி மாதிரி ஒரு கம்பி. அதுல எண்ணெய் படிஞ்சிருக்கும். அது தப்புக் கணக்குச் சொல்லுது, இன்ஜின் கண்டபடி பெட்ரோலைக் குடிக்குது. அந்தச் சென்சாருக்குப் போற வயரைக் கழட்டிட்டு ஓட விட்டுப் பாருங்க. இன்ஜின் அமைதியாச்சுன்னா சென்சார்தான் குற்றவாளி."

எனக்குப் புரிந்துவிட்டது. இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை. மகள் சொன்னாள் என்றால் மாப்பிள்ளை சொன்னதாகிவிடும். நான் சொன்னேன் என்றால் சமையற்கட்டு சொன்னதாகிவிடும். கொஞ்சம் பிரார்த்தனை செய்துவிட்டுக் காபி எடுத்துப் போனேன். இவர் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். இன்ஜின் தடதடவென்று உதறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, எதை வேணா தொடுங்க. அந்தக் குழாய் மேல இருக்கே ஒரு வயர், அதை மட்டும் கழட்டிடாதீங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஏன்? கழட்டினா என்ன ஆகும்?"

"வேண்டாங்க!"

பட்டென்று பிடுங்கினார். இன்ஜின் ஒரு குலுக்கல் குலுங்கி, அமைதியாகிவிட்டது. இவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு விஞ்ஞானி தெரிந்தார்.

"பார்த்தியா? உன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓடியிருக்கும்!"

"எனக்கு என்னங்க தெரியும்" என்றேன்.

அடுத்து அந்தச் சென்சாரைக் கழற்றி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தார். முடி மாதிரிக் கம்பி முடி மாதிரியே உதிர்ந்தது.

"பழசு. ஆயுசு முடிஞ்சு போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, புதுசு வாங்கி வந்தார். கைக்கு அடக்கமான ஒரு குழாய். இரண்டு பக்கமும் வாய். ஒரு வாயை ஃபில்டர் பக்கமும் இன்னொரு வாயை இன்ஜின் பக்கமும் செருகித் திருகினார். கிளப்பினால் பழைய இருமல்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

நான் எட்டிப் பார்த்தேன். "அது மேல ஒரு அம்புக்குறி அழகா இருக்குங்க. ஃபில்டர் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு."

"அது சும்மா டிசைன்."

"அப்படியா? நான் காத்து போற பக்கத்தைக் காட்டுதாக்கும்னு நினைச்சேன். முட்டாள்தனமா."

நான் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குழாயைத் திருப்பிப் போட்டார். வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமியது. பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"வண்டி சரியாயிடுச்சு. அப்ப மகள் வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அவசரப்படாதே! ஓட்டிப் பார்த்து ரீடிங் எடுக்கணும்." ஸ்டீரிங்குக்கு அடியில் சின்னதாக ஒரு கருவியைச் செருகினார். அது அளப்பதெல்லாம் அவர் போனில் வரும். "ஒரு செகண்டுக்கு எத்தனை கிராம் காத்து உள்ளே போகுதுன்னு இதுல தெரியும்."

"காத்தை எடை போடுவாங்களா? சரி, நீங்க ஓட்டுங்க. நான் போனைப் பார்த்துச் சொல்றேன்."

"நீயா? தொண்ணூறு கிராம்னா தொள்ளாயிரம்னு சொல்லுவே. நீ ஓட்டு. நான் பார்க்கிறேன்."

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து இதுவரை நான் ஓட்டியது பீரோவுக்குள்தான். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"ஐயையோ, கண்ணைத் திற!"

"இன்னும் கிளப்பவே இல்லைங்க."

கிளப்பினேன். இவர் போனுக்குள் முகத்தைப் புதைத்துவிட்டார்.

"மூணு கிராம். கரெக்ட்! இப்ப வேகம் எடுக்கணும். நேர் ரோடு வேணும்."

நேர் ரோட்டுக்குப் போனேன்.

"பதினெட்டு, இருபத்திரண்டு... அடடா! இப்ப ஒரு மேடு கிடைக்குமா?"

"பாலம் இருக்குங்க."

"ஏறு, ஏறு! நாப்பது! நான்தான் சொன்னேனே, சென்சார்தான்னு! இப்ப இறக்கம். இப்ப நெருக்கமான தெருவா ஒண்ணு வேணும், மெதுவா போகும்போது பார்க்கணும்."

"இடதுபக்கம் ஒண்ணு வருதுங்க."

"திருப்பு. ஆறு... அஞ்சு... இப்ப எங்கேயாவது ஓரமா நிறுத்து. நின்ன இடத்துல இன்ஜின் நிக்காம ஓடுதான்னு பார்க்கணும்."

ஓரமாக நிறுத்தினேன். இன்ஜின் நிற்காமல் ஓடியது.

"மூணு கிராம்! அசையலை! ஜெயிச்சுட்டேன்!" என்று தலையைத் தூக்கினார். எதிரே மகள் வீட்டு கேட். கேட்டுக்குள் மாப்பிள்ளை, இடுப்பில் பேத்தி.

"ஏய், எங்கே கொண்டு வந்திருக்கே?"

"நீங்க சொன்ன ரோட்டுலதாங்க வந்தேன். நேர் ரோடு, மேடு, நெருக்கமான தெரு. எல்லாம் இருக்கிற ஒரே வழி இதுதான்."

"நான் இறங்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஆனால் கண் மட்டும் பேத்தியை விட்டு நகரவில்லை.

மாப்பிள்ளை வந்து கண்ணாடியைத் தட்டினார். முகத்தில் விளையாட்டே இல்லை.

"மாமா, சென்சாரை நீங்களே மாத்திட்டீங்களாமே! என் வண்டியும் மேட்டுல திணறுது. மெக்கானிக்குக்கு ஒண்ணும் புரியலையாம்."

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. "அவனுக்கு எப்படிப் புரியும்? வயரைக் கழட்டிப் பார்த்தானா?"

"இல்லையே மாமா."

"அடிப்படையே தெரியலையே!" கதவு திறந்தது. இவர் வாசலை மிதித்தார். மிதித்தது அவருக்கே தெரியாது. பேத்தியை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் மாப்பிள்ளை காரின் பானட்டைத் தூக்கினார். அவள் தாத்தாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

மகள் என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே சொல்லிட்டாரும்மா. ஆனா அந்த வண்டி புத்தம் புதுசு. அதுல ஒரு கோளாறும் இல்லைன்னு அப்பா கண்டுபிடிச்சிட்டா?"

"இருந்த கோளாறையே உங்கப்பா இத்தனை நாளா கண்டுபிடிக்கலை. இல்லாததைக் கண்டுபிடிக்கிற வரைக்கும், எங்க ரெண்டு பேருக்கும் படுக்கையைப் போடு கண்ணு."