தகரத்தாரின் விண்வெளிச் சங்கம்

இந்தப் பூமியில் தகரத்தார் என்னைக் களைக்க வைத்த அளவுக்கு வேறு எவரும் களைக்க வைத்ததில்லை. கந்தோரில் ஆறு அதிகாரிகளுக்குக் கீழே தட்டச்சு வேலை பார்த்தவள் நான். இரண்டு தரம் இடம்பெயர்ந்தவள். பாரிசவாதத்தில் படுத்த தாயைப் பல வருடம் தூக்கிக் கிடத்தியவள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த மனிதருக்கு நான் அடித்துக் கொடுத்த கடிதங்களின் அலுப்புக்குக் கிட்ட வராது. இதை எழுத உட்காரும்போதே தோள்மூட்டு நோகிறது.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்திருக்கும். எங்கள் தீவுக் கிராமமான புளியங்கூடலில் அவர் தகரத்தார்தான். தெற்கே ஒரு பட்டினத்தில் நெடுங்காலம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையும் வீடும் எரிய, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, பஸ் பிடித்து ஊரில் இறங்கினார். கூடவே மனைவி செல்லமக்கா, உடுத்த சேலையோடு. அதைவிட ஓர் இரும்பு றங்குப்பெட்டி. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நகை என்றார்கள் சிலர். கடை முதல் முழுக்க உள்ளே இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். சொந்தக்காரர் அறை நிறைய நிற்க அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில், சின்னச் சின்ன மட்டைப்பெட்டிகள். மட்டைப்பெட்டிகளுக்குள் தகர றோபோக்கள். பறக்கும் தட்டுகள். சந்திரனில் ஓடுகிற வண்டி ஒன்று. விசையை இழுத்தால் பொறி பறக்கும் விண்வெளித் துவக்குகள் ஆறு. எல்லாமாக இருபத்து மூன்று. முப்பது வருடத்துக்கு முந்திய யப்பான் சாமான். விற்கவென்று எடுப்பித்து, விற்க மனம் வராமல் வீட்டில் ஒளித்து வைத்திருந்தவை.

செல்லமக்கா பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"என்ர கூறைச்சீலையை எரிய விட்டிட்டு இதையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"கூறை பிறகும் வாங்கலாம்," என்றார் தகரத்தார். "இதுகளை இனிச் செய்யமாட்டாங்கள்."

ஒரு மாதம் செல்லமக்கா அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. தகரத்தில் உப்புக்காற்றுப் பட்டுவிட்டதா என்று தடவிப் பார்ப்பதிலேயே அவருக்குப் பொழுது போனது.

தகரத்துக்கு எதிரி உப்பு. எங்கள் தீவிலோ காற்றிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு. பழைய சாறங்களைக் கிழித்து யன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்தார். அறைக்குள் போனால் பாண் சுடுகிற போறணைக்குள் போன மாதிரி இருக்கும். பார்க்க வருகிற யாரும் முதலில் கை கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சவர் என்பதால், குடிக்கிற நல்ல தண்ணீரால் இன்னொரு தரம் கழுவ வேண்டும். அந்த நல்ல தண்ணீரை ஒரு மைல் கட்டை தூரம் நடந்து குடத்தில் சுமந்து வருகிறவர் செல்லமக்கா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆசையாகப் பார்க்க வந்தார். மூன்றாம் தரமும் கழுவச் சொன்னதும், ஈரக்கையோடு கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீடு வேலிக்கு அடுத்த பக்கம். என்னைப் பெற்ற ஐயா விட்டுப்போன பழைய ரைப்றைட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதுதான் நான் செய்த பாவம். ஒரு பின்னேரம் தகரத்தார் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, உமக்கு இங்கிலிசு தெரியுந்தானே. ஒரு சின்னக் கடிதம்."

அந்தச் சின்னக் கடிதம் ஆறேழு வருடம் நீண்டது.

இங்கிலாந்தில் இப்படியான சாமான் சேர்க்கிறவர்கள் ஒரு வட்டமாக இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாங்களே ஒரு பத்திரிகை அடித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வார்கள். அதன் விலாசம் எப்படியோ அகப்பட்டு இவரும் சேர்ந்துகொண்டார். ஒருவர் பல்வைத்தியர், இன்னொருவர் ரயில் சாரதி, எல்லோரும் வளர்ந்த மனிதர். முறுக்கும் சாவியின் நீளம் என்ன, மட்டைப்பெட்டியில் கீறிய படத்தில் உள்ள கொம்பு ஏன் உள்ளே இருக்கும் றோபோவுக்கு இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு முதலில் அவர்கள் எல்லோருக்கும் ஏதோ சுகமில்லை என்றுதான் பட்டது.

அப்படி இருக்கையில், சதுரத்தலை றோபோவின் கால் சிவப்பு நிறம் என்று ரயில் சாரதி எழுதிவிட்டார். எங்களுடையதற்குக் கால் நீலம். அப்படியானால் யாரோ பிறகு பூசியிருக்கிறார்கள் என்றார் சாரதி. தகரத்தாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தக் கால் விவகாரம் இரண்டு வருடம் ஓடியது. ஒரு கடிதம் போய்ப் பதில் வர மூன்று மாதம் எடுக்கும். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் ஷெல்லடித்து யன்னல் அதிர்ந்த நாட்களிலும், 'இடது கால் பற்றிய தங்கள் கருத்தை வன்மையாக மறுக்கிறேன்' என்று நான் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தகரத்தார் பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி, காலின் தகர மடிப்புக்குள்ளும் நீலம்தான் என்று கண்டுபிடித்தார். பிறகு பூசிய நிறம் மடிப்புக்குள் போயிராது. சாரதி தன் பிழையை ஒத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் எழுதினார். அன்றைக்கு அயலில் ஆறு வீட்டுக்கு மோதகம் போனது. அவித்தது செல்லமக்கா.

வெற்றி தலைக்கு ஏறியதும் தகரத்தார் சங்கம் தொடங்கினார். தலைவர் அவர். என்னைக் கேளாமலே நான் செயலாளர். உறுப்பினர் என்று இருந்த ஒரே ஆள் பக்கத்து ஊரான கரம்பொன்னைச் சேர்ந்த மரியாம்பிள்ளை. வள்ளம் வைத்திருந்த கடற்றொழிலாளி. நல்ல உயரமான, அதிகம் கதையாத மனிதர். மேசை விளிம்புக்கு வந்ததும் விழாமல் தானாகத் திரும்பும் பறக்கும் தட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் சைக்கிளில் வருவார். கூட்ட அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். எந்த அறிக்கையைப் புரட்டினாலும் இதுதான் இருக்கும்: 'சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டது. தட்டு விடப்பட்டது. விழவில்லை. கூட்டம் முடிந்தது.'

தகரத்தார் வீட்டில் றொக்கற்றும் துவக்கும் இருப்பதாக யாரோ இயக்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் கூட்டம் நடக்கும்போதே துவக்கும் கையுமாக இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், அடர்ந்த மீசை.

"அண்ணை, உங்களிட்டைத் துவக்கு இருக்காம்."

"ஓம், ஆறு இருக்கு," என்றார் தகரத்தார். "ஆனால் கை கழுவாமல் தொட ஏலாது."

அவர்கள் கழுவினார்கள். இரண்டு தரம் கழுவினார்கள். தங்கள் துவக்குகளைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தப் போறணை அறைக்குள் ஒன்றரை மணித்தியாலம் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தார் ஒன்றைக்கூட விடாமல் விளக்கினார். நீலக்கால் றோபோ நெஞ்சைத் திறந்து பொறி கக்கிக்கொண்டு நடந்தபோது மீசைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். உடனே மற்றவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். போகும்போது இதுகளை வெளியில் காட்ட வேண்டாம், ஆமி கண்டால் இவ்வளவு பொறுமையாகக் கேளாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு கிழமை கழித்து அவன் தனியே வந்தான். கையில் ஒன்றுமில்லை. யாரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தகரத்தார் அவனுக்குச் சங்கத்தின் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். பிறகு நிரப்பித் தருகிறேன் என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அவன் வரவேயில்லை. நாங்கள் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் என்ன பதில் வரும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

தொண்ணூறில் எங்கள் பக்கத்துக்குப் பற்றறி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டது. இருபத்து மூன்றில் ஒன்பது படுத்துவிட்டன. பழைய பற்றறிகளை முற்றத்து வெயிலில் காயவைத்து, காகம் கொத்தாமல் தகரத்தார் காவலிருந்தார். அவற்றைப் போட்டதில் ஒரேயொரு றோபோ இரண்டு அடி நடந்தது.

அந்த ஆவணியில் ஆமி தீவுக்குள் இறங்கியது. தலைக்கு மேலே ஹெலி சுற்ற, சனம் முழுக்கக் கரைக்கு ஓடியது. அக்கரையான அராலிக்குக் கொண்டுபோய் விட மரியாம்பிள்ளை வள்ளத்தைக் கொண்டுவந்திருந்தார். றங்குப்பெட்டியை எப்படிக் கரை வரைக்கும் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. செல்லமக்கா ஒரு பக்கக் காதையும் தகரத்தார் மறு பக்கக் காதையும் பிடித்திருந்ததைத்தான் கண்டேன். ஏற்றியாகிவிட்டது. அம்மாவையும் ஏற்றி நானும் ஏறிவிட்டேன். அப்போது பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி, தன் தாயோடும் கைக்குழந்தையோடும் தண்ணீருக்குள் இடுப்பளவுக்கு வந்து நின்றாள்.

மரியாம்பிள்ளை வள்ளத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தகரத்தாரைப் பார்க்கவில்லை.

தகரத்தார்தான் எழும்பினார். இரண்டு ஆள் தூக்கும் பெட்டியைத் தானே இழுத்து, இடுப்பளவு தண்ணீரில் தலையில் சுமந்து கொண்டுபோய் மணலில் வைத்துவிட்டு வந்தார். அந்த இடத்தில் அவர்கள் ஏறிக்கொண்டார்கள். அடுத்த தடவை வரும்போது ஏற்றலாம் என்றார் மரியாம்பிள்ளை. அடுத்த தடவை என்று ஒன்று இருக்கவில்லை.

பாதி வழி போனபிறகு தகரத்தார் ஒரேயொரு முறை வாய் திறந்தார்.

"மூடி இறுக்கமாய்த்தான் இருக்கு."

செல்லமக்கா அவருடைய நனைந்த சாறத்தின் கரையைப் பிழிந்து விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கரையில், மானிப்பாயில் ஒரு வளவுக்குள் கொட்டில் போட்டு இரு குடும்பமும் இருந்தோம். இனி இந்தக் கரைச்சல் இல்லை என்று நான் நினைத்தேன். இரண்டாம் மாதமே தகரத்தார் கூட்டத்துக்கு அறிவித்தல் தந்தார். சாமான் இல்லாமல் என்ன கூட்டம் என்று கேட்டேன். ஞாபகம் இருக்குதுதானே என்றார். ஆக, கிழமைக்கு ஒரு சாமானாக எடுத்து அவர் வர்ணிக்க, எங்களைப் போலவே இடம்பெயர்ந்திருந்த மரியாம்பிள்ளை கண்ணை மூடிக் கேட்க, நான் கொப்பியில் எழுதினேன். மாரிமழை கிடுகுக் கூரைக்குள்ளால் கொப்பியில் ஒழுகியது. எனக்கு அழ வேண்டும் போல அலுப்பாக இருந்தது.

பச்சை றோபோ நேரே நடக்கும் என்று அவர் ஒரு ஞாயிறு சொன்னபோது, அடுப்படியிலிருந்து செல்லமக்காவின் குரல் வந்தது.

"அது நேரை நடவாது. இடப்பக்கம் இழுக்கும். பிடரியிலை ஒரு நெளிவும் இருக்கு."

தகரத்தார் அடுப்படிப் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் செல்லமக்கா போனதை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. அடுத்த கிழமையிலிருந்து அவருக்கும் ஒரு கதிரை போட்டோம். இருபத்து மூன்றையும் எழுதி முடிக்கும்வரை அவர் தகரத்தாரை எத்தனையோ தரம் திருத்தினார். ஒருமுறைகூடத் தகரத்தார் மறுத்துக் கதைக்கவில்லை.

தொண்ணூற்று நாலில் நெஞ்சு நோகிறதென்று ஆசுபத்திரிக்குச் சைக்கிளில் போன தகரத்தாரைப் பிணமாக வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் செல்லமக்கா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்த வெள்ளைக்காரருக்கு ஒரு சொல் எழுதிவிடும். பார்த்துக்கொண்டிருப்பினம்."

ரைப்றைட்டர் தீவிலேயே நின்றுவிட்டது. கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்துக் கையால் எழுதினேன். எங்கள் சங்கத் தலைவர் காலமானார் என்று இங்கிலிசில் எழுத நினைத்துத் தொடங்கினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால், என் அண்ணன் காலமானார் என்று இருந்தது. வெட்டித் திருத்தாமல் அப்படியே உறைக்குள் வைத்து ஒட்டினேன்.